ஹை ஹூட் ஜீப்ப டூ வீல் டிரைவ் ஆக்கி வாங்குன அனுபவம்: பட்டறை எப்படி, வேலை எப்படி

தேனி போடி பக்கம் பழைய ஜீப்பு வச்சிருக்கவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது, நாலு வீலுக்கும் இன்ஜின் பலம் போற ஃபோர் வீல் டிரைவ கழட்டிட்டு, பின் வீலுக்கு மட்டும் போற டூ வீல் டிரைவா ஓட்டலாமா, எங்க குடுக்கலாம், செலவு என்ன ஆகும்னு. நான் எங்க வீட்டு மகிந்திரா சிஜே 3பிய, அதான் அந்த பானெட் ஒசரமா இருக்குமே ஹை ஹூட்டு, போடி ரோட்டுல இருக்க ஒரு பட்டறைல குடுத்து இந்த வேலைய செஞ்சு வாங்கி ஒரு மழைக்காலமும் ஓட்டிட்டேன், அதனால இப்ப எழுதுனா சரியா இருக்கும். முதல்லயே சொல்லிடுறேன், வேலை அருமை, பட்டறைய தாராளமா கை காட்டுவேன். ஆனா எல்லா ஜீப்புக்கும் இந்த வேலை தேவையில்ல, சில வண்டிக்கு செய்யவே கூடாது, அதையும் சேத்து தான் எழுதுறேன். பட்டறை பேர போடல, பட்டறைக்கார அண்ணன் ரெண்டு பசங்கள வச்சு ஒத்த ஆளா பாக்குறாரு, கூட்டம் வந்தா சமாளிக்க முடியாது பேரெல்லாம் போட்றாத தம்பின்னு அவரே சொல்லிட்டாரு. அந்த ரூட்ல பழைய ஜீப்பு ஓட்டுற யார்ட்ட கேட்டாலும் சொல்லுவாங்க.

வண்டி அப்பா காலத்து வண்டி. பெட்ரோல் இன்ஜின எடுத்துட்டு டீசல் எறக்கி பல வருஷம் ஆச்சு, இந்த ஊர்ல பாதி ஜீப்பு அப்படித்தான். ஒரு காலத்துல ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு போடிமெட்டு ஏறி எறங்கிட்டு இருந்துச்சு. இப்ப தோட்டத்துக்கெல்லாம் போறதில்ல, வீட்டுல இருந்து கடை, கடைல இருந்து வீடு, எப்பவாச்சும் மதுரை, எல்லாமே தார் ரோடு. ஃபோர் வீல் லீவர தொட்டு வருஷக்கணக்கா ஆச்சு.

லீவர தொடலன்னா முன்னாடி சாமான் சும்மா கெடக்கும்னு பல பேரு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. பழைய ஜீப்புல முன் வீலு ஹப்புல ஒரு டிரைவ் பிளேட்டு போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கும், அது வீலையும் உள்ள இருக்க ஆக்சில் ஷாஃப்டையும் ஒண்ணா புடிச்சிருக்கும். நீங்க டூ வீல்ல போனாலும் முன் வீலு உருளும்போது ஷாஃப்டு சுத்தும், ஷாஃப்டு சுத்துனா ஆக்சில் நடுவுல இருக்க கிரவுன், பினியன்ங்கிற பல்சக்கரமும் சுத்தும், பினியன் சுத்துனா முன்பக்க ப்ரொப்பல்லர் ஷாஃப்டு, அதான் ஆக்சிலுக்கு பலம் கொண்டு வர்ற நீள தண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் வரைக்கும் சுத்தும். கியர் பாக்ஸ்ல இருந்து வர்ற பலத்த முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சு விடுற பெட்டி தான் டிரான்ஸ்ஃபர் கேஸ். இன்ஜின் அங்க ஒரு வேலையும் குடுக்கல, வீலு தான் அத்தனையையும் இழுத்துட்டு போகுது. எங்க வண்டில அந்த முன் ஷாஃப்டு முனைல இருக்க கிராஸ் ஜாயிண்டு தேஞ்சு, வேகம் கூடுனா தரையெல்லாம் அதிர ஆரம்பிச்சிருச்சு, கிராஸ மாத்துனா கொஞ்ச நாள் நல்லா இருக்கும் அப்புறம் திரும்பவும் அதே கத. கிரவுன்லயும் ஒரு ஊளை சத்தம்.

இதுல இன்னொன்னு புரிஞ்சுக்கணும். இந்த ஜீப்புல முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல, வேக வித்தியாசத்த சமாளிக்கிற டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவுல திரும்பும்போது முன் வீலு போற தூரம் வேற, பின் வீலு போற தூரம் வேற, மண்ணுலன்னா வீலு கொஞ்சம் சறுக்கி சமாளிச்சுக்கும், தார் ரோட்டுல சறுக்க எடம் இல்லாம மொத்த முறுக்கமும் ஷாஃப்டுலயும் கியர்லயும் ஏறும். அதனால தார் ரோட்டுல ஃபோர் வீல் போடவே கூடாது. ஆக ரோட்டுல மட்டும் ஓடுற ஜீப்பு எப்பவுமே டூ வீல் வண்டி தான், ஃபோர் வீலுக்கான எடைய மட்டும் சொமந்துட்டு திரியுது. இத அண்ணன் பட்டறை வாசல்ல நின்னு சொன்னப்ப தான் வேலைய செஞ்சிரலாம்னு முடிவு பண்ணேன்.

அதுக்கு முன்னாடி வேற ரெண்டு எடத்துல விசாரிச்சேன். ஒரு எடத்துல, டிரான்ஸ்ஃபர் கேஸ மொத்தமா தூக்கிட்டு கியர் பாக்ஸ்ல இருந்து நேரா பின் ஆக்சிலுக்கு ஷாஃப்டு போட்டுறலாம், முன்னாடி டூ வீல் மாடல்ல வர்ற, உள்ள ஷாஃப்டு இல்லாத கட்டை ஆக்சில் போட்டுறலாம், பழசெல்லாம் எடைக்கு போட்டா காசும் வரும்னாங்க. கேக்க சுத்தமான வேலை மாதிரி இருக்கும். அண்ணன்ட்ட இத சொன்னதும் மனுஷன் வண்டிக்கு அடியில படுத்து என்னையும் படுக்க சொல்லி விரல வச்சு காட்டுனாரு. இந்த ஜீப்புல இருக்கது ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸ், டேனா 18ன்னும் சொல்லுவாங்க. அதுல பின்பக்க ஷாஃப்டு நடுவுல இருந்து வெளிய வராது, வலது பக்கம் தள்ளி வரும், அதுக்கு ஏத்த மாதிரி பின் ஆக்சில்லயும் கிரவுன் உண்டை வலது பக்கம் தள்ளித்தான் இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ எடுத்துட்டா கியர் பாக்ஸ் அவுட்புட்டு நடுவுல, கிரவுன் ஓரத்துல, ஷாஃப்டு கோணலா ஓடணும், இவ்வளவு குட்டி வண்டில அந்த கோணத்த கிராஸ் தாங்காது. சிஜே 3பியோட வீல் பேஸே 80 இஞ்சு தான், பின் ஷாஃப்டு எவ்வளவு நீளம் இருக்கும்னு பாத்துக்கங்க. அப்ப பின் ஆக்சிலும் மாத்தணும். அதோட முடியல, இந்த வண்டில ஹேண்ட் பிரேக் பின் வீல்ல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு பின்னாடி ஒரு டிரம்மா இருக்கு, ஸ்பீடோமீட்டர் கேபிளும் அங்க இருந்து தான் வருது. கேஸ தூக்குனா ஹேண்ட் பிரேக்கும் போச்சு ஸ்பீடோமீட்டரும் போச்சு. ஒண்ண எடுக்க போயி வண்டியவே மாத்தி கட்டணும், கடைசில கைல இருக்கது அந்த ஜீப்பா இருக்காது.

அண்ணன் மூணு வழி சொன்னாரு, மூணுமே திரும்ப பழையபடி மாட்டிக்கிற மாதிரி.

முதல் வழி ஃப்ரீ வீலிங் ஹப்பு. டிரைவ் பிளேட்டுக்கு பதிலா வெளிய திருகு மாதிரி ஒரு டயல் வச்ச ஹப்பு, கையால திருப்புனா வீலும் ஷாஃப்டும் ஒண்ணாகும், திருப்பி விட்டா தனித்தனி. இது ஒண்ணும் புதுசில்ல, அமெரிக்கால ஆர்தர் வார்ன் 1948ல வார்ன் கம்பெனிய ஆரம்பிச்சதே இதுக்காகத்தான், போர் முடிஞ்சு மிஞ்சுன ஜீப்ப ஜனங்க ரோட்டுல ஓட்ட வாங்குனப்ப முன் ஆக்சில் வீணா சுத்துறத நிறுத்த லாக்கிங் ஹப்பு செஞ்சு வித்தாரு. நல்ல ஹப்பு கெடச்சா இது தான் ஒசத்தியான வழி, வேணும்போது ஃபோர் வீலும் இருக்கும். ஆனா எங்க வண்டி ஷாஃப்டு முனைல இருக்க பல்லு வரிசைக்கு, அதான் ஸ்பிளைனுக்கு, ஒழுங்கா பொருந்துறது நம்ம பக்கம் சுலபமா கெடைக்கல, கெடச்ச டூப்ளிகேட்ட அண்ணன் கைல வாங்கி திருப்பி பாத்துட்டு இது வேணாம் தம்பி, பாதி மாட்டுன நெலைல நின்னுக்கிட்டா பல்லு போயிரும்னு திருப்பி குடுத்துட்டாரு. வித்து காசு பாக்கலாம்ல, பாக்கல. அதுலயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

ரெண்டாவது, முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட மட்டும் கழட்டுறது. அரை மணி நேர வேலை, நெறைய பேரு இதோட நிறுத்திக்கிறாங்க. அதிர்வு போயிடும், ஆனா ஆக்சில் ஷாஃப்டும் கிரவுனும் இன்னும் வீலோட சுத்திட்டே இருக்கும்.

மூணாவது, நான் செஞ்சது, ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும், ரெண்டு முன் வீல்லயும் இருக்க டிரைவ் பிளேட்டையும் கழட்டிட்டு, பிளேட்டு இருந்த எடத்துல வெறும் மூடி போடுறது. முன் வீலு ஸ்பிண்டில் மேல ரெண்டு பேரிங்குல தான் ஒக்காந்திருக்கு, ஷாஃப்டு அத தாங்கல, அதனால பிளேட்ட எடுத்தா வீலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மூடி கட்டாயம் வேணும், இல்லன்னா தண்ணியும் மண்ணும் நேரா பேரிங்குக்கு போயிரும். சிலரு தகரத்த வெட்டி ஒட்டி விட்டுறாங்களாம். அண்ணன் பழைய பிளேட்டோட அளவெடுத்து, லேத்துல குடுத்து, ஸ்பிளைன் இல்லாத மூடி ரெண்டு கடைஞ்சு வாங்கி, அதே போல்ட்டு ஓட்டைல கேஸ்கெட் வச்சு இறுக்குனாரு. வெளிய இருந்து பாத்தா கம்பெனிலயே வந்த மாதிரி இருக்கு. இந்த ரெண்டு மூடிக்காகவே அந்த பட்டறைக்கு போகலாம்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் அவர் செஞ்ச ஒரு வேலைய குறிப்பா சொல்லணும். ஷாஃப்ட கழட்டுனதும், ஷாஃப்டு வந்து மாட்டுற முன்பக்க யோக்கையும் சேத்து உருவிட்டு ஓட்டைல துணிய அடைச்சு விடுற ஆளுங்க இருக்காங்க, அப்படி செஞ்சா அந்த சீல் வழியா ஆயில் எறங்கி ஒரு நாள் கேஸு காஞ்சு போகும். இவரு யோக்க கழட்டி, ஆயில் சீல் புதுசு போட்டு, திரும்ப யோக்க ஏத்தி நட்ட இறுக்கி காட்டர் பின்னும் போட்டாரு. ஷாஃப்டு இல்லாம அது சும்மா நிக்கும், சீலும் நிக்கும்.

இன்டர்லாக் விஷயமும் அவர் சொல்லித்தான் தெரியும். இந்த கேஸுல லோ கியரு சுமார் 2.46 மடங்கு இழுவைய கூட்டும், அதனால தான் ஃபோர் வீல் போடாம லோ விழாத மாதிரி உள்ள ஒரு சின்ன தடுப்பு வச்சிருக்காங்க, மொத்த முறுக்கமும் பின் ஆக்சில் ஒண்ணு மேல விழக்கூடாதுன்னு. இப்ப முன் ஷாஃப்டே இல்ல, லீவர ஃபோர் வீல்ல போட்டு லோ போட்டா அது விழும், ஆனா முழு பலமும் பின்னாடி மட்டும் போகும். ஏத்தத்துல லோடு வச்சுக்கிட்டு அப்படி செஞ்சா பின் ஆக்சில் ஷாஃப்டு ஒடியும். அண்ணன் லீவருக்கு கீழ ஒரு கிளிப் போட்டு ஹைல நிறுத்திட்டாரு, வேணும்னா கையால எடுத்துறலாம். வீட்டுல வேற யாரும் ஓட்டுனாலும் பயம் இல்ல.

கழட்டுன சாமானெல்லாம் கிரீஸ் தடவி, சாக்குல சுத்தி, எந்த போல்ட்டு எந்த எடம்னு சீட்டு எழுதி டிக்கில வச்சு குடுத்தாரு. ப்ரொப்பல்லர் ஷாஃப்டுல அம்புக்குறி போட்டு ரெண்டு பாதியும் எப்படி சேரணும்னு குறிச்சு வச்சிருந்தாரு, அது மாறி சேந்தா திரும்ப மாட்டும்போது அதிருமாம். எத்தனை பட்டறைல இத செய்வாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

லேபர், லேத்து, சீலு, கேஸ்கெட்டு, ஆயிலு எல்லாம் சேத்து பத்தாயிரத்துக்குள்ளயே முடிஞ்சுது. டிரான்ஸ்ஃபர் கேஸ தூக்குற ஐடியாவுக்கு மத்த எடத்துல சொன்ன காச நெனைச்சா இது ஒண்ணுமே இல்ல.

ஓட்ட எப்படி இருக்குன்னா, வித்தியாசம் முதல் தெருவுலயே தெரியும். கால்ல வந்துட்டு இருந்த அதிர்வு சுத்தமா இல்ல. முன்னாடி இருந்த ஊளையும் போச்சு. கிளட்ச மிதிச்சு நியூட்ரல்ல விட்டா வண்டி முன்ன விட நல்லா உருண்டு போகுது. ஸ்டியரிங் ஒடிச்சு திருப்பும்போது ஒரு நறநறப்பு வரும், அது ஆக்சில் முனைல இருக்க ஜாயிண்டோட சத்தம், அது இப்ப சுத்தாததால அதுவும் இல்ல. ஆனா டிரான்ஸ்ஃபர் கேஸ் சத்தம் அப்படியே தான் இருக்கு, அது போகும்னு யாரும் எதிர்பாக்காதீங்க. இந்த கேஸுல டூ வீல்ல போனாலும் பவரு நேரா போகாது, நடுவுல இருக்க இன்டர்மீடியட் கியர் வழியா தான் பின் ஷாஃப்டுக்கு போகும், அந்த பல்லு சத்தம் ஜீப்போட கூடவே பொறந்தது. மைலேஜ் கூடும்னு சொல்லி இந்த வேலைய யாராவது விக்க வந்தா நம்ப வேணாம், டீசல் செலவுல எனக்கு கண்ணுக்கு தெரியுற மாதிரி ஒண்ணும் மாறல. இந்த பானெட்டும் நிமிந்த கண்ணாடியும் காத்த கிழிக்கிறதுக்கு திங்கிற டீசல் தான் பெருசு.

மழைல ஓட்டுனத கண்டிப்பா சொல்லணும். போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவையும் ஈர ரோட்டுல ஏறி எறங்கிருக்கேன், தார்ல ஒரு குறையும் இல்ல, ஏன்னா முன்னாடியும் அங்க டூ வீல் தான். பின்னாடி ஆளில்லாம காலியா போனா வால் பக்கம் லேசு, வளைவுல ஆக்சிலேட்டர அமுக்குனா பின் வீலு வழுக்கி வண்டி திரும்ப பாக்கும், குட்டி வீல் பேஸுல அது சட்டுனு நடக்கும். பின் சீட்டுக்கு கீழ ரெண்டு மணல் மூட்டை போட்டு ஓட்டுறேன், நல்லாவே புடிக்குது. மாமா தோட்டத்துக்கு ஒரு தடவ மழை விட்டு எறக்குனப்ப கரிசல் மண்ணுல வண்டி நகரவே இல்ல, டிராக்டர் வந்து தான் இழுத்துச்சு, முன்ன இருந்த மாதிரி லீவர போட்டு வெளிய வர்றதெல்லாம் இனி இல்லன்னு தெரிஞ்சு தான் இந்த வேலைக்கு போகணும்.

அதனால தான் சொல்றேன், சூரியநெல்லில இருந்து கொழுக்குமலைக்கு ஏத்துற ஜீப்பு, எஸ்டேட்டுக்குள்ள கல்லு ரோட்டுல தெனம் போற ஜீப்பு, மழைல தோட்டத்துல எறங்குற ஜீப்பு, இதுக்கெல்லாம் இந்த வேலைய செஞ்சுறாதீங்க. அங்க முன் ஆக்சில் தான் உசுரு. அங்க கிராஸ் தேஞ்சா கிராஸ மாத்துங்க, கிரவுன் ஊளையிட்டா ஷிம், அதான் மெல்லிசு தகடு, வச்சு சரி பண்ணுங்க, செலவு ஆனாலும் ஆகட்டும்.

ஜீப்ப டூ வீல் ஆக்குறது ஜீப்புக்கே அவமானம்னு எங்கிட்ட ரெண்டு பேரு சண்டைக்கே வந்துட்டாங்க. அவங்க கோவம் புரியுது, ஜீப்பு மேல இருக்க பாசம் தான். ஆனா வில்லிஸ் கம்பெனியே 1955ல டிஜே 3ஏன்னு ஒரு டூ வீல் ஜீப்ப எறக்குச்சு, டிஸ்பேச்சர்னு பேரு, ஊருக்குள்ள டெலிவரிக்கு ஓட்டுறதுக்கு. அதுக்கு அப்புறம் வந்த டிஜே வண்டிங்க அமெரிக்க தபால்காரங்க கைல வருஷக்கணக்கா ஓடுச்சு. நம்ம மகிந்திராவும் 1947ல வில்லிஸ் ஜீப்ப கொண்டாந்து பம்பாய்ல மாட்ட ஆரம்பிச்ச கம்பெனி, பின்னாடி கமாண்டர், மார்ஷல்லெல்லாம் டூ வீல்லயும் வித்தாங்க, நம்ம ஊர்ல ஆள் ஏத்துன கமாண்டர்ல முக்காவாசி டூ வீல் தான். ரோட்டு வண்டிக்கு ரோட்டு சாமான், அதுல அவமானம் எங்க வந்துச்சு. வண்டிய அறுத்து, பழச எடைக்கு போட்டு, திரும்ப வரவே முடியாதபடி ஆக்குறது தான் எனக்கு மனசு கேக்காது. நாளைக்கு என் பையனோ வேற யாரோ இந்த வண்டிய மலைக்கு எடுத்துட்டு போகணும்னு நெனைச்சா ஒரு நாள் வேலைல பழையபடி ஆகணும், அந்த கதவ தொறந்தே வச்சிருக்கணும்.

சட்டப்படியும் அது தான் நல்லது. 1988 மோட்டார் வாகன சட்டத்துல 52வது பிரிவு, ஆர்சில இருக்க விவரத்துக்கும் கம்பெனி குடுத்ததுக்கும் மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இத அழுத்தி சொல்லிருச்சு. ஆக்சில மாத்தி, சேஸ்ல வெல்டிங் வச்சு வேலை பாத்தா எஃப்சிக்கு, அதான் வண்டி தகுதிச் சான்றுக்கு, போறப்ப பதில் சொல்ல முடியாது. நாங்க எதையும் அறுக்கல, வெல்டு அடிக்கல, எஃப்சிக்கு முந்தி ஷாஃப்டையும் பிளேட்டையும் மாட்டிக்கலாம். பழைய ஜீப்புக்கு ஆர்சி உசுரோட இருக்கது எவ்வளவு பெரிய விஷயம்னு வச்சிருக்கவங்களுக்கு தெரியும், அதோட வெளையாடாதீங்க.

பட்டறைல குறைன்னு பாத்தா, நேரம். சொன்ன நாளுக்கு வண்டி வராது, லேத்துல வேலை நின்னுச்சுன்னா இங்கயும் நிக்கும், போன் பண்ணா எடுக்க மாட்டாரு, கை பூரா கிரீஸு. நேர்ல போயி நின்னா தான் வேலை நகரும். பில்லுன்னு ஒண்ணும் தர மாட்டாரு, டைரில எழுதி காட்டுவாரு, ஆனா எழுதுனது வரிக்கு வரி சரியா இருக்கும், மாத்துன பழைய சீல கூட கவர்ல போட்டு குடுத்தாரு. நிழல் இல்ல, ஒக்கார ஒரு பெஞ்சு தான், மதியம் போகாதீங்க. ஒரிஜினல் ஆயில் சீல நீங்களே வாங்கிட்டு போயிட்டா நல்லது, அவர் வாங்குற கடைல சில சமயம் எது இருக்கோ அது தான்.

செய்ய போறவங்க இன்னொன்ன கவனிங்க. முன் ஆக்சில் முனைல உருண்டையா மூடுன நக்கிள் இருக்குல்ல, உள்ள ஜாயிண்டு சுத்துறப்ப தான் கிரீஸு மேல இருக்க, வீலு திரும்புறதுக்கான கிங்பின் பேரிங்குக்கு தெறிக்கும். இப்ப அது சுத்தாது, மேல் பேரிங்கு காயும், காஞ்சா ஸ்டியரிங் கனக்க ஆரம்பிக்கும். அதனால சர்வீசுக்கு விடும்போதெல்லாம் மேல் மூடிய தொறந்து கையால கிரீஸ் வைக்க சொல்லணும். எங்க வண்டில இடது பக்க நக்கிள் சீல்ல இன்னும் லேசா கசிவு இருக்கு, டையர் உள்பக்கம் கருப்பா கோடு விழுது. அத மாத்தணும், மாசக் கடைசில கூட்டிட்டு வா தம்பின்னுருக்காரு, சீலு வாங்கி வச்சாச்சு.